செடான் காரில் கம்பெனி உண்மையில் எவ்வளவு போட்டிருக்கிறது? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மாருதி சியாஸ் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட பிறகு, நடுத்தர அளவு செடான் கார்களைப் (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருப்பவை) பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்கள் கூடிவிட்டன. விலையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. இந்த வகைக் காரின் மீது கம்பெனிகளுக்கு இன்னும் அக்கறை இருக்கிறதா, அந்த அக்கறையைப் பணமாகப் போட்டிருப்பவர்கள் யார் என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்தும், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (பாத்திரக்கடை உரிமையாளர், கும்பகோணம்): ஐயா, கடை வேலையாக வாரம் இரண்டு முறை தஞ்சாவூருக்கும் மாதம் ஒரு முறை சென்னைக்கும் காரில் போய் வருகிறேன். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ், ஸ்கோடா ஸ்லாவியா ஆகிய நான்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லா ஷோரூமிலும், எங்கள் கம்பெனி இந்த மாடலில் நிறைய முதலீடு செய்திருக்கிறது என்கிறார்கள். அது உண்மையா என்று வாங்குகிறவன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஷோரூமில் உங்களுக்குக் காட்டப்படும் பெரிய திரை, சன்ரூஃப், வண்ண விளக்கு இவையெல்லாம் ஒரு காரின் செலவில் சிறு பகுதிதான். பெரும்பணம் மூன்று இடங்களில் போகிறது. பிளாட்ஃபார்ம் எனப்படும் அடித்தளம் ஒன்று, என்ஜினும் கியர்பாக்ஸும் அடுத்தது, அவற்றை இங்கேயே செய்வதற்கான அச்சுகளும் உள்ளூர் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் மூன்றாவது. இந்த மூன்றிலும் கடைசியாகக் கை வைத்தது எந்த ஆண்டு என்று ஒவ்வொரு காரைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் விர்டுஸையும் ஸ்லாவியாவையும் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இவ்விரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2018இல் 'இந்தியா 2.0' என்ற பெயரில் 100 கோடி யூரோ முதலீட்டை அறிவித்து, அந்தப் பொறுப்பை ஸ்கோடாவிடம் ஒப்படைத்தது. புனேயில் தொழில்நுட்ப மையம் ஒன்றைத் திறந்து, ஐரோப்பாவில் சிறிய கார்களுக்குப் பயன்படுத்திய அடித்தளத்தை இந்தியாவுக்கென்று மாற்றி அமைத்து, உதிரிபாகங்களில் மிகப் பெரும்பகுதியை இங்கேயே வாங்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான், 2021இல் குஷாக், டைகுன் என்ற இரண்டு எஸ்யூவிகளும் 2022இல் ஸ்லாவியா, விர்டுஸ் என்ற இரண்டு செடான்களும் வெளிவந்தன. இவற்றுக்கு முன்பிருந்த வென்டோ 2010இலும் ரேபிட் 2011இலும் வந்து, பத்தாண்டுக்கும் மேல் அதே உடம்போடு காலம் தள்ளியவை. பழைய வென்டோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தையும் விர்டுஸின் 2,651 மி.மீ. தூரத்தையும் ஒப்பிட்டால், ஏறக்குறைய 10 செ.மீ. கூடியிருக்கிறது. பின்சீட்டில் உங்கள் முழங்கால் இடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் பத்து சென்டிமீட்டர்தான்.

ஹூண்டாயின் வழி வேறு. 1999இல் அக்சென்ட், 2006இல் வெர்னா, 2011இல் ஃப்ளூயிடிக் வெர்னா, 2017இல் அடுத்தது, 2023 மார்ச்சில் இப்போதுள்ளது என்று ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை முழுக் காரையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கடைசி மாற்றத்தில் சக்கர இடைவெளி 2,600 மி.மீ.யிலிருந்து 2,670 மி.மீ. ஆனது; டீசல் போனது; 160 பி.எஸ். திறனுள்ள 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் வந்தது. இந்தக் கார் நம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவாகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹோண்டா 1998 முதல் இந்தியாவில் சிட்டி என்ற ஒரே பெயரை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. இப்போது விற்பது ஐந்தாம் தலைமுறை. 2020இல் வந்து 2023இல் முகம் மாற்றப்பட்டது. முந்தைய தலைமுறையின் 2,600 மி.மீ. சக்கர இடைவெளியைத்தான் இதிலும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் என்ஜினை அப்படியே விட்டுவிடவில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் மேல்பகுதியை மாற்றி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வைத்து 121 பி.எஸ். ஆக்கினார்கள். அதற்கும் மேலாக, 2022 மே மாதம் இந்தச் சிட்டியிலேயே, பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டைக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆக, அடித்தளத்தில் அதிகம் போட்டவர் ஃபோக்ஸ்வாகன் குழுமம், காரைத் திரும்பத் திரும்பப் புதிதாக்குவதில் ஹூண்டாய், என்ஜின் நுட்பத்தில் ஹோண்டா என்பது என் கணிப்பு. உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் விக்கிரவாண்டி சாலையில்தான் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் விர்டுஸ் அல்லது ஸ்லாவியாவின் 1.0 லிட்டர் டர்போவை எடுப்பேன். வேகத்தில் அதன் உடல் கட்டுக்குலையாமல் நிற்பதை நீங்களே ஓட்டிப் பார்த்து உணர்ந்திருப்பீர்கள். கடைக்காரர் என்ற முறையில் ஒரு நாள்கூடக் கார் நிற்கக் கூடாது என்று நினைத்தால், ஹூண்டாயின் சர்வீஸ் வலை இவ்விரண்டையும்விடப் பரந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு ஒர்க்‌ஷாப்பில், சென்ற அறுவடைக் காலத்தில் லிஃப்டில் ஏற்றியிருந்த இரண்டு செடான்களின் அடிப்பகுதியை அண்ணாந்து பார்த்தேன். இரண்டிலும் வாய்க்கால் கரைச் சேறு காய்ந்து, அதில் வைக்கோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் என்ஜினுக்குக் கீழே கனமான மூடி இருந்தது. பெட்ரோல், பிரேக் குழாய்கள் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகப் போயின. இணைப்புகளின் மேல் மெழுகு போன்ற துருத்தடுப்புப் பூச்சு இருந்தது. மற்றொன்றில் குழாய்கள் திறந்தே கிடந்தன. வேகத்தடையில் உரசிய இடத்தில் பெயின்ட் உரிந்து செம்பழுப்பாகத் துரு பிடித்திருந்தது. இரண்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாங்குவதற்கு முன் தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி, நீங்கள் நினைத்திருக்கும் மாடலை லிஃப்டில் ஏற்றும் நாளில் போய் ஐந்து நிமிடம் கீழே நின்று பாருங்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை, மயிலாடுதுறை): அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே ஃபோர்டு செடான் கார்களையே கைவிட்டுவிட்டது, இந்த வகைக்கு இனி எதிர்காலம் இல்லை, எஸ்யூவி வாங்கு என்கிறான். விற்பனை குறைந்துவரும் ஒரு வகையில் கம்பெனிகள் எதற்காகப் பணம் போடுகின்றன?

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கதை. ஃபோர்டு 2018இல் வட அமெரிக்காவில் செடான்களை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2020இல் ஃபியூஷனை முடித்துக்கொண்டது. அதே சந்தையில் டொயோட்டா, கேம்ரியை முழுக்கப் புதுப்பித்து, 2025 மாடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே விற்கிறது. ஹோண்டாவும் அக்கார்டைக் கைவிடவில்லை. போட்டியாளர் ஒருவர் கடையைக் கட்டிக்கொண்டு போனால், மிஞ்சியிருப்பவருக்கு வாடிக்கையாளர் கூடுகிறார். சந்தை சிறிதானாலும் அதில் மூன்று பேருக்குப் பதிலாக இரண்டு பேர் இருந்தால் பங்கு பெரிதுதான்.

இந்தியாவிலும் அதுவே நடந்திருக்கிறது. ஃபோர்டின் மறைமலைநகர்த் தொழிற்சாலையிலிருந்து ஐகானும் ஃபியஸ்டாவும் வந்தன. ஒரகடத்திலிருந்து நிசான் சன்னி வந்தது. திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட செடான்கள் இத்தனை இருந்தும், இன்று அவற்றில் ஒன்றுகூட விற்பனையில் இல்லை. டொயோட்டா 2018இல் யாரிஸைக் கொண்டுவந்து, எல்லா மாடலிலும் ஏழு ஏர்பேக் வரைக்கும் தாராளமாகக் கொடுத்தும், 2021இல் நிறுத்திவிட்டது. நம் ஊர் வாடகைக் கார் ஸ்டாண்டுகளில் இன்றும் அதே கம்பெனியின் பழைய செடானான எட்டியோஸ் வரிசையாக நிற்கிறது. யாரிஸைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது உள்ளவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்றால், செடானுக்கென்று தனியாக யாரும் பணம் போடுவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சோறு வடிப்பது போல, ஒரு அடித்தளத்தையும் ஒரு என்ஜினையும் செய்து, எஸ்யூவிக்கும் செடானுக்கும் பகிர்கிறார்கள். விர்டுஸின் அடித்தளம் டைகுனுடையதும்தான். சிட்டியின் அடித்தளத்தையும் என்ஜினையும் வைத்தே 2023இல் எலிவேட் என்ற எஸ்யூவி வந்தது. வெர்னாவில் வந்த டர்போ என்ஜின் 2024இல் கிரெட்டா எஸ்யூவிக்கும் போனது. இந்தியாவில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் எஸ்யூவி வகையே என்ற நிலையில், அந்த விற்பனைதான் செடானின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறது. போதாததற்கு ஏற்றுமதியும் உண்டு. புனேயில் செய்யும் விர்டுஸ் கப்பலேறி மெக்சிகோ வரை போகிறது.

எனவே நீங்கள் வாங்க நினைக்கும் செடானுக்கு, நன்றாக விற்கும் ஒரு எஸ்யூவி உடன்பிறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், செடானே நின்றுபோனாலும் என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் உதிரிபாகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். உங்கள் தம்பியின் கவலைக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

கேள்வி (அரசு ஊழியர், பாபநாசம்): 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்ததே, அதனால் பெரிய செடானை வாங்குவது இப்போது லாபமா, அல்லது மாருதியின் சிறிய செடானான டிசையரே போதுமா?

பதில்: 4 மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சி.சி. வரை என்ஜினும் உள்ள செடானுக்கு வரி 45 சதவீதத்திலிருந்து 40ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் நீளம் 4 மீட்டருக்குள்ளும் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் அடங்கும் சிறிய பெட்ரோல் காருக்கு 29 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. முன்பு இரண்டுக்கும் இடையே 16 புள்ளி வித்தியாசம், இப்போது 22. பெரிய செடான் மலிவாகியும், சிறிய செடானோடு ஒப்பிடும்போது முன்பைவிடத் தள்ளியே நிற்கிறது. டிசையரின் நீளம் 3,995 மி.மீ. என்பது தற்செயல் இல்லை. 2012இல் அதன் டிக்கியை வெட்டிச் சுருக்கியதே இந்த வரிக்கோட்டுக்காகத்தான். விர்டுஸின் 1.0 லிட்டர் என்ஜின் 1,200 சி.சி.க்குள் அடங்கினாலும், நீளம் கூடுதல் என்பதால் அதற்கும் 40 சதவீதமே.

மாருதி தன் செடான் பணத்தைச் சியாஸில் போடாமல் டிசையரில் போட்டதற்கு இந்த வரியே பெரிய காரணம். 2024 நவம்பரில் புது டிசையர் புது என்ஜினோடு வந்தது. காரை மோதவைத்துப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரமும் பெற்றது. வீட்டில் நான்கு பேர், தினமும் அலுவலகம், வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயில் என்றால் டிசையரே போதும்.

கேள்வி (விவசாயி, திருவாரூர் மாவட்டம்): இருபது வருடமாக டீசல் கார்தான் ஓட்டுகிறேன். வயலுக்கு டிராக்டருக்கு வாங்கும் டீசலோடு சேர்த்தே காருக்கும் அடித்துவிடுவேன். இப்போது டீசலில் செடானே கிடையாது என்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தார்கள்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. கார் கம்பெனிகளின் முதலீடு எப்படி வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கியது, டீசலுக்கு நீக்கவில்லை. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, டீசல் பின்தங்கி நின்றது. 2011இல் வெர்னா டீசலோடு வந்தபோது, பெட்ரோல் மட்டுமே வைத்திருந்த சிட்டியை அது முந்திச் சென்றதற்கு அந்த விலை இடைவெளிதான் காரணம். அப்போது ஹோண்டாவிடம் இந்தியாவுக்கேற்ற சிறிய டீசல் என்ஜினே இல்லை. அவர்கள் இந்தச் சந்தைக்காகவே 1.5 லிட்டர் டீசல் ஒன்றை உருவாக்கி, 2013இல் அமேஸிலும் 2014 தொடக்கத்தில் சிட்டியிலும் வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. அதாவது, எந்த இடைவெளியை நம்பிப் பணம் போட்டார்களோ, அதைத் தாங்கி நின்ற விலைக் கட்டுப்பாடு சிட்டி டீசல் வந்த பத்து மாதத்துக்குள் இல்லாமல் போய்விட்டது.

அடுத்து 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்யக் கூடுதல் கருவிகள் தேவைப்பட்டதால், மாருதி சியாஸிலும் ஃபோக்ஸ்வாகன் வென்டோவிலும் டீசலை அத்துடன் நிறுத்திவிட்டன. 2023 ஏப்ரலில் சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதி சேர்ந்தது; சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் போனது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். வெர்னாவில் இருந்த அதே 1.5 லிட்டர் டீசலை ஹூண்டாய் கிரெட்டாவில் தொடர்ந்து விற்றுவந்தது. என்ஜின் அவர்களிடம் இல்லாமல் போகவில்லை. டீசலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பவர் எஸ்யூவி வாங்குபவரே என்று கணக்குப் போட்டு, செடானிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது டெல்டா போன்ற பகுதிக்கு நியாயமில்லாத முடிவு. ஆனாலும் உங்கள் பழைய டீசல் செடான் நல்ல நிலையில் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கேனில் வாங்கி வைத்த டீசலைக் காரில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 டீசல் என்ஜின்களின் இன்ஜெக்டருக்குத் தூசியும் தண்ணீரும் விஷம்.

கேள்வி (மீன் ஏற்றுமதித் தொழில் செய்பவர், நாகப்பட்டினம்): வெர்னாவுக்கும் ஐந்து நட்சத்திரம், விர்டுஸுக்கும் ஐந்து நட்சத்திரம். அப்படியானால் பாதுகாப்பில் இரண்டு கம்பெனியும் சமமாகத்தானே செலவு செய்திருக்கின்றன?

பதில்: குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு விர்டுஸும் ஸ்லாவியாவும் 34க்கு 29.71 புள்ளியும் வெர்னா 28.18 புள்ளியும் பெற்றன. குழந்தைகளுக்கு எல்லாவற்றுக்குமே 49க்கு 42. நட்சத்திரம் சமம், புள்ளியும் பக்கத்தில்தான். ஆனால் அறிக்கையில் வாகனத்தின் உடல்கூட்டைப் பற்றி ஒரு வரி இருக்கும். விர்டுஸ், ஸ்லாவியாவின் கூடு நிலையானது என்றும், வெர்னாவின் கூடு நிலையற்றது, மேலும் பாரம் தாங்காது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஏர்பேக்கையும் பெல்ட்டையும் பின்னால் சேர்த்துவிடலாம். கூடு முதலிலேயே, வடிவமைக்கும்போதே பணம் போட வேண்டிய இடம். அதனால் சமம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயம் வெர்னாவில் 2023 முதல் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்தது நல்ல முன்னேற்றம் என்பதையும் மறைக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் லாரிகளுக்கிடையே ஓட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கூடுதான் முக்கியம்.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், பட்டுக்கோட்டை): சிட்டி ஹைபிரிட் லிட்டருக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: 26.5 என்பது அறிமுகத்தின்போது சோதனைக்கூடக் கணக்கில் அறிவிக்கப்பட்ட அளவு. நம் சாலையில் அதைவிடக் குறையும், ஆனாலும் சாதாரணப் பெட்ரோல் சிட்டியைவிடத் தெளிவாக அதிகம் வரும். இதில் இரண்டு மின்மோட்டார்கள் உள்ளன. வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. மெதுவாகப் போகும்போது பேட்டரியிலிருந்து மோட்டார் சக்கரத்தை ஓட்டும். வேகம் கூடும்போது என்ஜின் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது என்ஜினே நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்துகொள்ளும். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றித் திருவிழா நாளில் ஊர்ந்து போகிறவருக்கு இது வரப்பிரசாதம். பட்டுக்கோட்டையிலிருந்து நேராகச் சென்னைக்கு ஒரே வேகத்தில் போகிறவருக்கு லாபம் குறைவு.

பேட்டரி பின்பக்கம் இருப்பதால் டிக்கி 506 லிட்டரிலிருந்து 306 லிட்டராகச் சுருங்கிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். பேத்தியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டுகளை இந்தக் காரில் எடுத்துப்போக நினைத்திருந்தால், வேறு வண்டி பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி (பல் மருத்துவர், தஞ்சாவூர்): வெர்னாவிலும் சிட்டியிலும் உள்ள ஏடாஸ் வசதி (தானே பிரேக் போட்டு, கோட்டுக்குள் காரை வைத்து ஓட்டுநருக்கு உதவுவது) நம் சாலைகளில் வேலை செய்யுமா? அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: நான்குவழிச் சாலையில் கோடு தெளிவாக இருக்கும் இடங்களில் வேலை செய்கிறது. சிட்டி கேமராவை மட்டும் நம்புகிறது. வெர்னாவில் முன்பக்கம் ரேடாரும் இருக்கிறது. உள்சாலைகளில் பாதித் தாரில் நெல் காயவைத்திருப்பார்கள், ஓரத்தில் கோடே இருக்காது, மாடு குறுக்கே வரும். அங்கே இதை நம்பக் கூடாது. விர்டுஸும் ஸ்லாவியாவும் அறிமுகமானபோது இந்த வசதி இல்லாமலே வந்தன. அதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டாம் என்பேன். அவற்றின் 179 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், சிட்டியின் 165ஐவிட நம் ஊர் வேகத்தடைகளில் தினந்தோறும் உதவும். குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் அந்த 14 மி.மீ. என்ன செய்யும் என்பது தெரியும்.

கேள்வி (ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், மன்னார்குடி): 2019இல் வாங்கிய பெட்ரோல் சியாஸ் வைத்திருக்கிறேன். 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கம்பெனியே கைவிட்ட வண்டியை வைத்திருக்காதே, விலை இறங்குவதற்குள் தள்ளிவிடு என்று மகன் வற்புறுத்துகிறான். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தயவுசெய்து விற்காதீர்கள், ஐயா. மகனின் கவலை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. சியாஸ் 2014 அக்டோபரில் வந்தது. நின்றுபோகும் வரை பத்தரை ஆண்டுகளில் ஒரே தலைமுறைதான். 2022இல் எர்டிகாவுக்கும் பிரெஸ்ஸாவுக்கும் 1.5 லிட்டர் என்ஜினின் புதிய வடிவத்தையும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையும் கொடுத்த மாருதி, சியாஸுக்கு மட்டும் பழைய என்ஜினையும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கையுமே வைத்திருந்தது. முதலீடு நின்றுவிட்டது என்பதற்கு அன்றைக்கே அது அடையாளம். ஒரு நல்ல காருக்கு இப்படி நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான், 2,650 மி.மீ. சக்கர இடைவெளியும் 510 லிட்டர் டிக்கியும் கொண்ட ஒரு குடும்பக் காரை, அடுத்த தலைமுறை கொடுத்து வாழவைத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பழைய என்ஜின்தான் இப்போது உங்களுக்குத் துணை. 2018 முதல் சில ஆண்டுகள் எர்டிகாவிலும், எக்ஸ்எல்6இலும், 2020 பிரெஸ்ஸாவிலும் இருந்தது அதே என்ஜின். டெல்டாவில் வாடகைக்கு ஓடும் எர்டிகாக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை ஓடும் வரை உங்கள் வண்டிக்கு ஃபில்டரோ, சென்சாரோ, கிளட்ச்சோ, வாட்டர் பம்ப்போ கிடைக்காமல் போகாது. எந்த மெக்கானிக்குக்கும் அந்த என்ஜின் கைப்பழக்கம்.

கிடைப்பதில் சிரமம் வரக்கூடியவை சியாஸுக்கே உரிய வெளிப்பாகங்கள். இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். விற்பனை நின்றுபோன வேறொரு செடானை நான் வைத்திருந்தபோது, ஒரு மார்கழி அதிகாலையில் பனிமூட்டத்தில் வைக்கோல் வண்டியில் உரசி இடப்பக்க முன்விளக்கு உடைந்தது. புது விளக்கு வருவதற்கு ஐந்து வாரம் ஆனது. அதுவரை இரவில் வண்டியை எடுக்க முடியவில்லை. கடைசியில் வந்த விளக்கும் வலப்பக்கத்து விளக்கின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை.

ஆகவே இப்போதே இரண்டு முன்விளக்குகளின் கண்ணாடியையும் மஞ்சள் ஏறாமல் பாலீஷ் செய்து வையுங்கள். முன் பம்பரின் கீழ்ப்புறம் இருக்கும் கிளிப்புகள், இரண்டு பக்கக் கண்ணாடி மூடிகள், கதவு ரப்பர் பீடிங் இவற்றை ஒரு செட் வாங்கி வீட்டுப் பரணில் போட்டுவைத்தால் பெரிய செலவாகாது. அறுவடை முடிந்து வயல் காயும் மாதங்களில் எலி வீட்டுப் பக்கம் வரும். வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து, ஒயர்களையும் ஏர்ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள். 48,000 கிலோமீட்டர் ஓடிய அந்த என்ஜினுக்கு இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாராளமாகப் பாக்கி இருக்கிறது. மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் விற்கச் சொன்னால், உங்கள் ஊரில் எர்டிகா ஓட்டும் எந்த ஓட்டுநரிடமும் அந்த என்ஜினைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.